அண்டாவில் மூடிய சோறு

திருத்தணி
12-9-1977

ஜெயம்மாவுக்கு கோதண்டபாணி எழுதுவது.

எந்தக் கோதண்டபாணி என்று கேட்காதே. மலையடிவாரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவன். உன்னைப் பதினோரு வருஷம் தன் அடுப்படியில் நிற்க வைத்தவன். நாலு வருஷமாக ஒரு வரி போடாதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பாய். காரியமாகத்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

மத்தியானம் சோறு மிஞ்சினால் சாயங்காலம் சூடு பண்ணிக் கொடுப்பாயே, அதை எப்படிச் செய்தாய்? அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் அப்போதுதான் வடித்தது என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இப்போது அடுப்படியில் எல்லப்பன் என்று ஒருவன் இருக்கிறான். நல்லவன்தான், ஆனால் பொறுமை கிடையாது. மிஞ்சின சோற்றில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டிக் கொதிக்க விடுகிறான். மேலே களி, நடுவில் கல். நேற்று நம் வீரபத்திரன், அதே ஜட்கா வண்டிக்காரன்தான், தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா மொதலாளி, ரோடு போட வெச்சிருந்த ஜல்லிய எடுத்து எனுக்குப் போட்டுட்ட?" என்றான். கடையே சிரித்தது. அரிசி கிடைக்கிற லட்சணத்தில் மிஞ்சினதைக் கொட்டவும் மனசு வரவில்லை.

நாலு வரி எழுதிப் போடு. பழசை எல்லாம் கிளற வேண்டாம், சோற்றைப் பற்றி மட்டும் எழுதினால் போதும். என் வீட்டுக்காரி மனோரமா உன்னை விசாரித்தாள்.

கோ.


ஆர்.கே.பேட்டை
20-9-1977

முதலாளிக்கு,

உங்கள் கார்டு வந்தது. எனக்கு முன்னால் தபால்காரர் படித்தார். அப்புறம் வள்ளிநாயகி அண்ணி படித்தாள். அண்ணன் தறியை விட்டு இறங்கி வந்து படித்தார். கடைசியில்தான் என் கைக்கு வந்தது. இனி எழுதுவதாக இருந்தால் ஒட்டுகிற கவரில் எழுதுங்கள். எழுதாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பழசைக் கிளற வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளறுவதற்கு என்ன இருக்கிறது, அது மேலேயே கிடக்கிறது. ஆடிக் கிருத்திகை அன்று காவடி எடுத்து வந்த நாற்பது பேர் நம் கடையில் புளிச்சோறு சாப்பிட்டு, பாதிப் படிகூட ஏறாமல் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டார்கள். புளி காய்ச்சின பித்தளை உருளியில் ஈயம் போய்க் களிம்பு ஏறிவிட்டது, ஜெயம்மா பார்க்கவில்லை என்று கூட்டத்துக்கு நடுவில் சொன்னீர்கள். உருளியைக் காலால் தள்ளினீர்கள். மஞ்சள் புடவைப் பெண் ஒருத்தி, பள்ளிப்பட்டுப் பக்கம் என்று சொன்னார்கள், அவள் என் கையைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன்.

அன்றையிலிருந்து யாருக்கும் நான் சமைப்பதில்லை. அண்ணி சமைக்க விடுவதும் இல்லை, நான் கேட்பதும் இல்லை. அண்ணன் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிறேன். போன தை மாசம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தேன். ஒரு கிழவி வந்து அரிவாள்மணையை மட்டும் நகர்த்தி எடுத்துக்கொண்டு போனாள்.

நாற்பது பேரை வாந்தி எடுக்க வைத்தவளிடம் சோறு சூடு பண்ணுவது எப்படி என்று கேட்கிறீர்களே, உங்களுக்குப் பயமாக இல்லையா? எல்லப்பனின் ஜல்லியையே போடுங்கள். அதைத் தின்று யாரும் சாகவில்லை.

மனோரமா அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஜெயம்மாள்


திருத்தணி
9-10-1977

ஜெயம்மாவுக்கு,

கவரில்தான் எழுதுகிறேன், நன்றாக ஒட்டியும் இருக்கிறேன். ஒரு கார்டுக்கு இவ்வளவு கோபமா? நான் கேட்டது சோற்றின் பக்குவம். நீ எனக்கு வழக்கு விசாரணை நடத்திவிட்டாய். உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். மனோரமா வாங்கி வைத்துக்கொண்டாள்.

நீ சொல்லவில்லை என்றால் எனக்குத் தெரியாதா என்று நானே ஒரு வழி பண்ணினேன். சோறு ஆறினால்தானே விறைக்கிறது? ஆறவிடாமல் வைத்தால் சூடு பண்ண வேண்டிய வேலையே இல்லை. மத்தியானம் வடித்ததைச் சுடச்சுட அண்டாவில் போட்டு, மேலே ஈரச்சாக்கு போட்டு மூடி, அணைந்தும் அணையாமலும் இருக்கிற அடுப்புப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். சாயங்காலம் திறந்தால் வெதுவெதுவென்று, மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. வீரபத்திரன்கூட வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டான். பத்து நாள் ஒரு குறையும் இல்லை.

பதினோராம் நாள் கூட்டம் இல்லை. அண்டாவில் பாதிக்கு மேல் நின்றுவிட்டது. மனோரமா கடையைக் கட்டுகிற நேரத்தில் அதில் கொஞ்சம் போட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டாள். வேறு ஒன்றும் இல்லை, ஒரு நார்த்தங்காய்த் துண்டு. இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்தது. குடலே வெளியே வந்துவிடும்போல் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்று நாள் இருந்து, நேற்றுதான் அழைத்து வந்தேன். இப்போது கஞ்சி இறங்குகிறது. ஆனால் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

டாக்டர் என்ன சாப்பிட்டாள், எப்படி வைத்திருந்தீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டார். சோற்றைப் பற்றி என்னவோ சொன்னார். அது கிடக்கட்டும்.

மனோரமா இரண்டு நாளாக உன் பேரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். "ஜெயம்மா இருந்தா எனுக்கு இப்பிடி ஆவுமா? நீ அந்தப் பொண்ண அனுப்பிச்சிட்டு ஜம்பமா ஒக்காந்துகினு கீற" என்கிறாள். எனக்காக வேண்டாம், அவளுக்காக எழுது. அந்தப் பக்குவத்தை மட்டும் எழுது.

கோதண்டபாணி


ஆர்.கே.பேட்டை
14-10-1977

முதலாளிக்கு,

அக்கா படுத்திருக்கிறாள் என்று படித்ததும் தார் சுற்ற ஓடவில்லை. போன கடிதத்தில் வீம்பு பண்ணாமல் நாலு வரி எழுதியிருந்தால் நீங்கள் இந்த அண்டா வேலையில் இறங்கியிருக்க மாட்டீர்கள். என் வாய்க்கொழுப்புக்கு அக்கா வாந்தி எடுத்திருக்கிறாள். அது எனக்கு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன், எல்லப்பனைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

முதல் விஷயம், மிஞ்சும் என்று தெரிந்த சோற்றை அண்டாவில் விடக்கூடாது. மேலே தொட்டால் ஆறியிருக்கும், நடுவில் கையை விட்டால் கன்றுக்குட்டி வயிறுபோலச் சூடாக இருக்கும். அந்த இளஞ்சூடுதான் கெடுதி. கொதிக்கிற சூடும் கெடுக்காது, ஜில்லென்று இருந்தாலும் சீக்கிரம் கெடாது. நடுவில் இருக்கிறதுதான் கெடுக்கும். பந்தி முடிந்த கையோடு வெள்ளை வேட்டியை விரித்து, இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் சோற்றைப் பரப்பி, விசிறிவிட வேண்டும். அரைமணியில் ஆறிவிடும். ஆறினதை அகலமான தாம்பாளங்களில் எடுத்து, தாம்பாளத்துக்கு அடியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றின தொட்டி. மேலே மெல்லிசுத் துணி, மூடி கிடையாது. மூடினால் வேர்க்கும், வேர்த்தால் நசநசக்கும்.

சாயங்காலம் சூடு பண்ணுகிறபோது கரண்டியை உள்ளே விடக்கூடாது, சோறு உடைந்துவிடும். கையை நனைத்துக்கொண்டு கட்டியை உதிர்க்க வேண்டும். படிச் சோற்றுக்கு ஒரு கை வெந்நீர் தெளித்தால் போதும், ஊற்றக்கூடாது. அப்புறம் இட்லிப்பானை. தட்டில் ஈரத்துணி போட்டுச் சோற்றைக் குவிக்காமல் பரப்பி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறபோது உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். நடுச்சோற்றைத் தொட்டால் விரலை உதற வேண்டும், அதுவரைக்கும் ஆவி. இறக்கி இரண்டு நிமிஷம் அப்படியே விட்டுவிட்டு, அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, கரண்டிக் காம்பால் ஒருமுறை புரட்டினால் பருக்கை பருக்கையாக நிற்கும். ஒருதடவைதான் சூடு. அதிலும் மிஞ்சினால் மாட்டுத் தொட்டிக்கு. இன்னொருதரம் அடுப்பில் ஏற்றினால் உங்கள் கடையில் நீங்கள் மட்டும் சாப்பிடுங்கள்.

இதெல்லாம் மத்தியானச் சோறு சாயங்காலத்துக்கு. ராத்திரி மிஞ்சினதைச் சூடு பண்ணுகிற வேலையே வேண்டாம். ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். காலையில் வண்டிக்காரர்கள் உப்பும் வெங்காயமும் கேட்டு வாங்கிப் பழையது சாப்பிடுவார்கள். பதினோரு வருஷமும் இப்படித்தான் செய்தேன்.

இதை எழுதும்போதுதான் ஒன்று மனசில் இடிக்கிறது. கிருத்திகைக்கு முன்நாள் சாயங்காலம் மழை கொட்டியது. ஜனம் வரவில்லை. ஒரு அண்டாச் சோறு அப்படியே நின்றுவிட்டது. நான் வீட்டுக்குப் போகும் முன் அதை வேட்டியில் பரப்பிவிட்டு, "ஆறினதும் தண்ணி ஊத்திடுங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். காலையில் வந்து பார்த்தால் அண்டா நிறையச் சோறு, சூடாக, மல்லிகைப்பூ மாதிரி. நீங்களும் இப்போது அதே வார்த்தையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்கு, "விடியகாலமே எழுந்து நானே வடிச்சிட்டேன் ஜெயம்மா, நீ புளிய கலக்கிடு" என்றீர்கள். முதலாளி நமக்காக அடுப்படியில் நின்றிருக்கிறாரே என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அண்ணன் வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் சோற்றைப் பற்றி என்ன சொன்னார்? கிடக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள். அது கிடக்க வேண்டாம், எழுதுங்கள். நான் அன்றைக்குப் புளி கலந்தது எந்தச் சோற்றில்?

ஜெயம்மாள்


திருத்தணி
30-10-1977

ஜெயம்மா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. மூன்று தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மனோரமாதான் இன்று பேனாவை எடுத்துக் கையில் வைத்து, "எழுதாம எழுந்தீனா நான் உன்கூட பேச மாட்டேன்" என்று எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் நேற்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

நீ பரப்பிவிட்டுப் போன சோறுதான் அது.

நீ போனதும் வேட்டியில் கிடந்த சோற்றைப் பார்த்தேன். இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. காலையில் ஆயிரம் பேர் மலை ஏறப் போகிறார்கள், இதை வண்டிக்காரர்களுக்குப் பழையதாகப் போடவா என்று வயிறு எரிந்தது. காவடிக்காரர்கள் விரதம், பழையது என்றால் வாசற்படியே மிதிக்க மாட்டார்கள். ஆனால் புளி கலந்துவிட்டால் எது இன்றைய சோறு, எது நேற்றைய சோறு என்று யாருக்குத் தெரியும்? ஆறினால் விறைத்துக் காட்டிக் கொடுத்துவிடும் என்று, ஆறுவதற்குள் அள்ளி அண்டாவில் போட்டு, ஈரச்சாக்கு போட்டு மூடி, அடுப்போரம் தள்ளினேன். விடியற்காலையில் ஆவி காட்டினேன். ஒரு வாசனையும் இல்லை, நசநசப்பும் இல்லை. நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்னது இதுதான். சுடுசோற்றை அப்படிக் குவித்து மூடி வைத்தால் அந்த வெதுவெதுப்பிலேயே அதில் விஷம் ஊறும். பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. ஊறினபிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. வாந்தி சீக்கிரமே வரும் என்றார். மனோரமா புளியைத் தொடவில்லை, உருளியைத் தொடவில்லை. மோர்தான் ஊற்றினாள். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வேர்த்துவிட்டது. "உங்களுக்கும் முடியலையா?" என்று கேட்டார்.

இதோடு நிறுத்தலாம் என்று பார்த்தேன். மனோரமா தலையை ஆட்டுகிறாள். சரி.

எனக்கு இது இப்போதுதான் தெரிந்தது என்று நினைக்காதே. விஷம் ஊறும் கதைதான் புதுசு. கோளாறு சோற்றில்தான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். வீரபத்திரன் அன்று காலை புளிச்சோறு வேண்டாம் என்று அதே அண்டாச் சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டான். அவனும் வண்டியடியில் படுத்து வாந்தி எடுத்தான். என்னிடம் வந்து சொன்னான். "யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று நான்தான் அவன் வாயை அடைத்தேன். உருளிக்கு ஈயமும் போகவில்லை. வைகாசியில் ஈயம் பூசுகிற தணிகாசலம் வந்து வாசலில் உட்கார்ந்து பூசினபோது பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவனே நான்தான்.

கூட்டம் கடை முன்னால் நின்று கத்துகிறது. களிம்பு என்றால் அது தவறு, யாருக்கும் நேரும். விரதக்காரர்களுக்கு நேற்றுச் சோற்றைப் போட்டேன் என்றால் அந்த ரோட்டில் எனக்குக் கடை இருக்குமா? அந்த ஒரு நிமிஷத்தில் உருளி என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. நீயும் பக்கத்தில் இருந்தாய்.

நாலு வருஷமாக ஒவ்வொரு கிருத்திகைக்கும் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்து, அடுத்த கிருத்திகைக்குத் தள்ளிப் போட்டேன். நீ திரும்பி வா, ஜெயம்மா. எல்லப்பனை மேல்வேலைக்குப் போட்டுவிடுகிறேன். அடுப்படி உன்னுடையது. என்னை மன்னித்துவிடு.

கோதண்டபாணி


ஆர்.கே.பேட்டை
6-11-1977

முதலாளிக்கு,

படித்தேன். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து படித்தேன். அண்ணன் என்ன என்று கேட்டார், தீபாவளிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பொய் சொன்னேன். உங்களுக்காகப் பொய் சொல்லுகிற பழக்கம் இன்னும் போகவில்லை பாருங்கள்.

நீங்கள் திட்டினதைக்கூட நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர்கள் திட்டுவார்கள். ஆனால் நான் அதை நம்பினேன். உங்களுக்கு அது தெரியுமா? தணிகாசலம் வந்தது வைகாசியா, சித்திரையா என்று நாலு வருஷமாக விரல் விட்டு எண்ணுகிறேன். வைகாசிதான் என்று ஒருநாள் தோன்றும். மறுநாள், இல்லை, அது போன வருஷத்து வைகாசி என்று தோன்றும். உருளியின் அடியில் கறுப்பாக இருந்ததா, வெள்ளையாக இருந்ததா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். வெள்ளையாகத்தான் தெரியும். அப்படியும் நாற்பது பேர் பொய்யாகவா வாந்தி எடுத்தார்கள் என்று என்னையே அடக்கிக்கொள்வேன்.

பள்ளிப்பட்டுக்கு இரண்டு தடவை பஸ் ஏறிப் போனேன். அந்த மஞ்சள் புடவைப் பெண்ணைக் கண்டுபிடித்துக் காலில் விழ வேண்டும் என்று. பேரும் தெரியாது, தெருவும் தெரியாது. காவடி எடுத்த வீடு எது என்று கேட்டால் ஊரே காவடி எடுத்த ஊர். பஸ் ஸ்டாண்டில் சோடா குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நீங்கள் அன்று சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு, "ஜெயம்மா, சோறு என்னுது, தப்பு என்னுது, நீ வாயத் தொறக்காம கெட" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பழியை நான் சுமந்திருப்பேன். உங்கள் சோற்றைத் தின்ற உடம்பு இது. பயத்தைச் சுமக்க வைத்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

திரும்பி வா என்று எழுதியிருக்கிறீர்கள். வரமாட்டேன். அந்த அடுப்படியை எனக்குக் கொடுக்க நீங்கள் யார்?

மன்னிக்கச் சொன்னீர்கள். முதலில் ஒன்று செய்யுங்கள். இப்போது எனக்குக் கவரில் எழுதினதைக் கார்டில் எழுதுங்கள். பெரிய எழுத்தாக, நீங்கள் செய்ததைச் செய்தபடி. உங்கள் ஊர் தபாலாபீசில் முத்திரை குத்துகிறவர் படிக்கட்டும். பஸ்ஸில் பை தூக்கி வருகிறவர் படிக்கட்டும். எங்கள் தபால்காரர் தெருமுனையிலிருந்து படித்துக்கொண்டே வரட்டும். அண்ணி படிக்கட்டும். உங்கள் கடைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா எழுந்து நடக்கிறாளா? அதை மட்டும் தனியாக எழுதுங்கள்.

ஜெயம்மாள்


திருத்தணி
12-11-1977

திருமதி ஜெயம்மாள் அவர்களுக்கு,

1973 ஆடிக் கிருத்திகை அன்று என் கடையில் காவடிக்காரர்கள் வாந்தி எடுத்ததற்குக் காரணம் நான். முன்நாள் சோற்றைச் சூட்டோடு அண்டாவில் மூடி வைத்து, காலையில் புதுச்சோறு என்று பொய் சொல்லி உங்களிடம் கொடுத்தேன். உங்களுக்கு அது தெரியாது. நீங்கள் புளி காய்ச்சிய உருளிக்கு ஈயம் நன்றாக இருந்தது. உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை. பழியை உங்கள்மேல் போட்டேன்.

இதையே கடையில் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறேன்.

மனோரமா நடக்கிறாள்.

கோதண்டபாணி


ஆர்.கே.பேட்டை
22-11-1977

முதலாளிக்கு,

கார்டு புதன்கிழமை வந்தது. தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, கொடுக்காமல், "ஜெயம்மா, இத நான் படிச்சிட்டேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். நாலு வருஷத்தில் அவர் என்னிடம் பேசினது அதுதான். அண்ணி இரண்டுதரம் படித்தாள். என்னை "அவர்கள்" என்று போட்டிருக்கிறதைப் பார்த்து முதலில் சிரித்தாள். அப்புறம் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் கார்டைத் தறிக்கால் பக்கம் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுகிறார். தறிக்குப் பாவு நூல் கொண்டு வருகிறவருக்கும் காட்டினார்.

உங்கள் கடை பெஞ்சில் ஆள் இல்லை என்று பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். பலகையில் யாரோ சாணியை அடித்தார்களாம், நீங்கள் அதைக் கழுவிவிட்டு மறுபடியும் மாட்டினீர்களாம். கேட்டால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அக்கா அந்தக் காலிக் கடையில் உட்கார்ந்திருக்கிறதுதான் கண்ணில் நிற்கிறது.

மன்னிப்பைப் பற்றி நீங்கள் மறுபடி கேட்கவில்லை. நானும் தேடிப் பார்த்தேன். இப்போதைக்கு என்னிடம் இல்லை. வந்தால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி என்னைக் கூப்பிட்டாள். "இந்தா ஜெயா, இன்னிக்கு நீ வடி. எனுக்கு இடுப்பு வலிக்குது" என்று கரண்டியைக் கையில் கொடுத்தாள். இடுப்பும் வலிக்கவில்லை, ஒன்றும் வலிக்கவில்லை. எனக்குத் தெரியாதா? வாங்கிக்கொண்டேன். அரிசி களைந்தேன், உலை வைத்தேன், வடித்தேன். ரசத்துக்குப் புளி கரைத்தேன். அலுமினியப் பாத்திரம்தான், ஈயம் பூசுகிற வேலையே இல்லாத பாத்திரம். அப்படியும் அதை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்குவம் எதுவும் மறக்கவில்லை. சோறு நன்றாக வந்தது. அண்ணன் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார். அண்ணன் பெண் வசந்தி தட்டை வழித்தாள்.

நான் அவர்களோடு உட்காரவில்லை. அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். அவர்கள் கை கழுவிவிட்டு எழுந்தார்கள். அண்ணன் தறியில் உட்கார்ந்தார், அண்ணி படுத்தாள். நான் நடையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வசந்தி இருமினாள். ஓடிப்போய் அவள் வாய்க்கு நேராக இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றேன். "இன்னா அத்தே, பஞ்சு தூசு தொண்டையில பூந்துகிச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகுதான் மீதி இருந்த சோற்றைச் சூடு பண்ணி, ஒரு வாய் போட்டேன். நேற்றும் சமைத்தேன், நேற்றும் அப்படியே. இன்றும் சமைத்துவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடித்தபின் நடையில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். இரண்டு வரிக்கு ஒருதரம் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்க்கிறேன்.

குற்றம் என் கையில் இல்லை என்று கார்டில் எழுதினீர்கள், சுவரில் மாட்டியும் இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் நான் இப்படி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ஜெயம்மாள்